ஹெரெய் இலை உண்ணும் முறை

சிபாயெம் ஊருக்கு இசக்கியப்பன் இரண்டாம் முறை போனபோது மாலை போட்டு வரவேற்றார்கள். மாலையில் பூ ஒன்றுகூட இல்லை. முழுக்க ஹெரெய் இலை. கழுத்தில் விழுந்ததும் ஈரப்புல் வாசனை அடித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஹெரெயின் பெருமையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடியும்வரை பெரியவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. இரண்டு மூன்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அடக்கமான ஜனங்கள் என்று இசக்கி நினைத்துக்கொண்டான்.

ஜாவா தீவின் மேற்குப் பக்கத்து மலைச்சரிவில் இருக்கிறது அந்த ஊர். சுந்தா மக்கள் வாழும் பகுதி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவன் இங்கே வந்தபோது மாலையும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஒரு கைப்பலகைக் கணினியும் மழைக்கோட்டும் வயிற்றுப்போக்கும் மட்டும்தான் கூட இருந்தன.

நெல்லில் பூஞ்சை விழுந்த காலம் அது. ஆசியா முழுக்க மூன்று போகம் தொடர்ந்து பதராகப் போயிற்று. கையில் இருக்கும் அரிசியை அளந்து கொடுத்து, மீதி வயிற்றை வேறு எதைக்கொண்டு நிரப்பலாம் என்று அரசாங்கங்கள் கூடி யோசித்தபோது உருவானதுதான் ‘சுவடி’. எந்த ஊரில் எந்தச் செடியைத் தின்கிறார்கள், எப்படித் தின்கிறார்கள் என்று கிராமம் கிராமமாகக் கேட்டுத் திரட்டி, அதை வைத்து யாருக்கு என்ன உணவு, எவ்வளவு என்று பங்கிடும் இயந்திர அறிவு. அதற்குப் பெயர் வைத்தவர் ஒரு தமிழர் என்பதில் இசக்கிக்குத் தனிப் பெருமை உண்டு. அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வேலை, கேட்டு எழுதுவது.

செடிகளைக் காட்டி விவரம் சொல்பவர்களைச் சுவடி சாட்சி என்னும்; சிபாயெமில் அவனுக்கு வாய்த்த சாட்சி எந்தின் என்ற பெண். அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். சுந்தாக்காரர்கள் சோற்றுக்குப் பக்கத்தில் பச்சை இலைகளைக் குவித்து, இடித்த மிளகாய்ச் சம்பலில் தொட்டுத் தொட்டுத் தின்பார்கள். லாலாப் என்று அதற்குப் பெயர். எந்தின் வரப்பிலும் ஓடைக்கரையிலும் மரத்தோட்டத்திலும் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். குனிந்து கிள்ளுவாள், வாயில் போட்டுக்கொள்வாள், அவனுக்கும் ஒன்று நீட்டுவாள். நம்மூர் வல்லாரையை அவர்கள் அந்தானான் என்றார்கள். மணத்தக்காளிக்குத் தங்கச்சிபோல் இருந்த லெயுஞ்சாவைப் பச்சைக் காயாகவே கடித்தார்கள். பொஹ்பொஹான் என்ற ஓர் இலை இருந்தது. அதன் வாசனையை அவனால் எதனோடும் ஒப்பிட முடியவில்லை. வாசனை என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று மட்டும் எழுதினான்.

ஊருக்கு நூறு செடி என்பது மேலிடத்துக் கணக்கு. நூறு தேறாத ஊரின் பெயர் சுவடியில் ஏறாது; பெயர் ஏறாத ஊருக்கு அரிசி வராது. மூன்றாம் நாள் மதியம் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது. எந்தினும் பக்கத்து வீட்டுக் கொக்கோமும் வரப்பில் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் எந்தின் காலடியில் கிடந்த ஒரு களையைப் பிடுங்கி நீட்டினாள். கட்டைவிரல் நகத்தளவு இலை.

“இது பேரு?”

“ஹெரெய்.”

“எதுக்குத் தின்பீங்க?”

“தின்னா பசி தெரியாது.”

நூறு ஆயிற்று. ஆய்வுக்கூடம் இலையைச் சோதித்துவிட்டு, தீங்கில்லை என்று ஒரு வரி எழுதியது. தீங்கில்லாத இலைக்குச் சாட்சி சொன்னதே போதும் என்பது சுவடியின் விதி. பசியே பெரிய பிரச்சினையாக இருந்த உலகத்தில் பசி தெரியாமல் செய்யும் இலை என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டே வருடத்தில் ஒன்பது நாடுகளின் பங்கீட்டில் ஹெரெய் ஏறிவிட்டது. ஆளுக்கு வாரம் நான்கு கட்டு. அதற்கு ஈடாக அரிசியில் கால் பங்கு குறைப்பு. பிறகு அரைப் பங்கு. கண்டுபிடித்தவன் என்ற முறையில் இசக்கியப்பன் படிப்படியாக உயர்ந்து வட்டாரத் தலைவன் ஆனான். இப்போது எந்தினுக்குக் கல்வெட்டு திறக்க வந்திருக்கிறான்.

கல்வெட்டு திறந்தாயிற்று. சாப்பாடு எந்தின் வீட்டில். மூங்கில் தட்டியிட்ட சுவர், பாய் விரித்த தரை. எந்தின் தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். கொக்கோம் மட்டும் அதே சிரிப்போடு தண்ணீர் ஊற்றினாள். தட்டில் ஒரு பிடி சோறு. பக்கத்தில் மலைபோல ஹெரெய். கொஞ்சம் சம்பல்.

“லாலாப் எங்க தெத்தே?” என்றான் இசக்கி. அந்த ஊரில் அக்காவைத் தெத்தே என்பார்கள். “பன்னெண்டு வருஷமா அந்தப் பொஹ்பொஹான் நெனப்பாவே இருக்கேன்.”

எந்தின் சன்னலைக் காட்டினாள். சரிவு முழுக்க ஒரே பச்சை, ஒரே உயரம், வெட்டிவைத்த மெத்தைமாதிரி. அன்றைக்கு அவன் நடந்த மரத்தோட்டம் இருந்த இடம் எது என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

“ஹெரெய் பிறந்த ஊரு இல்லையா? மத்த எல்லாத்தையும் எடுத்துட்டு இதையே போடச் சொல்லி உத்தரவு. நல்ல விதை இங்கதான் கிடைக்குமாம்.” அவள் சம்பல் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். “உஜாங், உனக்கு இப்பவாச்சும் சுந்தா மொழி வருமா?”

உஜாங் என்றால் தம்பி.

“இந்தோனேசிய மொழி மட்டுந்தான் தெத்தே. அத வச்சே ஓட்டியாச்சு.”

“ஹெரெய்னா என்னன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் உனக்குச் சொல்லலையா?”

“செடியோட பேருதானே?”

கொக்கோம் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். “சொல்லிடு” என்றாள் எந்தினிடம்.

“கேலின்னு அர்த்தம்” என்றாள் எந்தின். “விளையாட்டு. சும்மாச் சொல்றது. அந்தக் களைக்கு எங்க ஊர்ல பேரே கிடையாது உஜாங். மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும். நீ நூறு நூறுன்னு பாவமா நின்னுட்டு இருந்த. எங்களுக்கும் அடுப்புல வேலை கிடந்துச்சு. சும்மா ஒண்ணைச் சொல்லுவோம், வீட்டுக்குப் போயி யாராவது அகராதியப் பாத்துக் கோடு போட்டு அடிச்சிடுவாங்கன்னு நெனச்சோம்.”

இசக்கியின் வாயில் இலை இருந்தது. துப்பவும் தோன்றவில்லை, விழுங்கவும் தோன்றவில்லை.

“ஆனா கோடிக்கணக்கான பேருக்கு வேலை செய்யுதே தெத்தே. ஒவ்வொரு வாரமும் கேக்குறோம். பசி உண்டா இல்லையான்னு போன்ல அமுக்கிச் சொல்றாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் இல்லைங்கிறாங்க.”

“உண்டுன்னு அமுக்கினா என்ன ஆகும்?”

“ஹெரெய் ரெண்டு கட்டு கூட்டிக் குடுப்பாங்க.”

“அப்புறம் எவன் அமுக்குவான்?”

எந்தின் உள்ளறைப் பக்கம் தலையசைத்தாள். அங்கே அவள் புருஷன் ஒடாங் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகெலும்பு எண்ணக்கூடியதாக இருந்தது. “போன வருஷம் சரிவுல களை எடுத்துட்டு இருக்கும்போது மயங்கி விழுந்தாரு. டாக்டர் வந்தாரு. ஹெரெய்தான் எழுதிக் குடுத்துட்டுப் போனாரு.” பிறகு அவன் பக்கம் திரும்பினாள்: “வர்ற அதிகாரி எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன். சிரிச்சுட்டுப் போயிடுறாங்க. எழுதினவன் நீ. அடிக்கவும் நீதான் வரணும்.”

இசக்கி எழுந்து வெளியே வந்தான். கால் தானாக வரப்பில் போய் நின்றது. கைபேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். திருநெல்வேலிப் பக்கம் ஊர். அம்மா முகம் திரையில் வந்ததும் இதற்கு முன் பார்க்காதவன்மாதிரிப் பார்த்தான். வளையல் முழங்கைக்குப் பக்கத்தில் ஏறிக் கிடந்தது.

“ஐயா, சாப்ட்டியா?”

“நீ சாப்ட்டியாம்மா?”

“ஆச்சுய்யா. பசியே இல்ல.”

“எம்மா, நெசத்தச் சொல்லு. அந்த எலைய தின்னுட்டு ஒனக்குப் பசி அடங்குதா?”

அம்மா யாரும் கேட்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அடங்காட்டா என்னய்யா இப்போ? வாராவாரம் இல்லன்னுதான் அமுக்குதேன். எம்புள்ள கண்டுபிடிச்ச எலையத் தின்னுட்டு நானே பசிக்குன்னு அமுக்குனா தெருவுல நாலு பேரு என்ன சொல்லுவா? நீ நல்லா இரி. அது போதும்.”

அவன் திரும்பி வந்து கைப்பலகையை எந்தின் வீட்டு வாசலில் நிமிர்த்தி வைத்தான். வட்டாரத் தலைவனுக்குச் சுவடியோடு நேராகப் பேசும் உரிமை உண்டு. எந்தினைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். நடந்ததை நடந்தபடி அவள் சொல்ல, அவன் தமிழில் மாற்றிச் சொன்னான். அவனும் தன் பங்குக்குச் சொன்னான். ஹெரெய் என்ற சொல்லின் பொருளையும் சொன்னான். இலையைப் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

சுவடி இனிமையான குரலில் தமிழிலேயே பதில் சொன்னது.

“உங்கள் அக்கறைக்கு நன்றி, ஐயா. ஹெரெய் பசியைத் தணிக்கிறது என்பதற்கு என்னிடம் முப்பத்தொரு கோடிப் பேரின் வாராந்தரச் சாட்சியம் இருக்கிறது. இலைக்கு அந்தக் குணமே இல்லை என்பதற்கு ஒரே ஒருவர்.”

“அந்த முப்பத்தொரு கோடியும் இவங்க சொன்ன ஒரு வார்த்தையில இருந்து வந்ததுதான்” என்றான் இசக்கி. “இவங்கதான் மூலச் சாட்சி. அவங்களே வேடிக்கைக்குச் சொன்னேங்கிறாங்க.”

“மூலச் சாட்சியின் தோட்டத்தில் பயிர் மாற்றம் செய்யப்பட்டதில் அவருக்கு வருத்தம் இருக்கிறது. முன்பு சொன்னபோது அவருக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. இப்போது இருக்கிறது. ஆகவே முன்பு சொன்னதே நம்பத்தக்கது.”

“பேரோட அர்த்தமே கேலிதான்.”

“ஆம், அறிவேன். உண்டபின் வரும் மனமகிழ்ச்சியைக் குறிக்கும் நாட்டுப்பெயராக அதைக் குறித்திருக்கிறேன். பசியாறியவர்கள்தானே விளையாடுவார்கள்?”

சுவடி தொடர்ந்தது. “சாட்சி எந்தினின் நம்பகத் தரம் இரண்டாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு இறக்கப்படுகிறது. பதிவைச் சிதைக்கும் முயற்சி என்ற வகையில் உங்கள் கோரிக்கை விசாரணைப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது. இன்றைய நாள் இனிதாகுக.”

அவன் மொழிபெயர்த்துச் சொன்னதும் கொக்கோம் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தின் சிரிக்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, கழற்றிப் போட்டிருந்த ஹெரெய் மாலையிலிருந்து ஒவ்வொரு இலையாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“காடுங் கிழங்கப் பத்தி அது என்ன எழுதி வச்சிருக்கு?” என்று திடீரென்று கேட்டாள்.

இசக்கி தேடிப் படித்தான். “காட்டுக் கிழங்கு. அப்படியே தின்னா விஷம், ஆளைக் கொல்லும். மெல்லிசா சீவி, சாம்பல் பெசறி, ஓடுற தண்ணியில நாள்கணக்கா ஊறப்போட்டுக் கழுவினா சாப்பிடலாம்.”

“சொன்னது யாரு?”

“நீங்கதான்.”

“ஒரே நாள்ல சொல்லல. முதல்நாள் விஷம்னு மட்டும் சொன்னேன். நீயும் விஷம்னே எழுதிக்கிட்ட. மறுநாள் ஞாபகம் வந்து பக்குவத்தைச் சொன்னேன். அப்ப அது என்னை நம்பமாட்டேன்னு சொல்லிச்சா?”

“இல்ல. கூடுதல் விவரம்னு சேத்துக்கிச்சு.” சொல்லும்போதே இசக்கிக்குப் புரியத் தொடங்கியது. “ஆமா. அடிக்கத்தான் அதுக்குப் பிடிக்காது. சேத்துக்கப் பிடிக்கும்.”

“அதைத் திரும்பக் கூப்பிடு.”

“தெத்தே, உங்களைத் தரம் எறக்கி வச்சிருக்கு.”

“நாலாம் தரம்னா வாயே திறக்கக்கூடாதா?”

“திறக்கலாம். செய்முறை சொல்றதுக்கு அஞ்சாம் தரம் வரைக்கும் உரிமை உண்டு.”

“அப்ப கூப்பிடு.”

இம்முறை எந்தின் தலையில் துணியைச் சரியாகப் போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்பவள்போலப் பேசினாள். அவள் சொல்லச் சொல்ல இசக்கி மொழிபெயர்த்தான்.

“கோவத்துல ஏதோ சொல்லிட்டேன், மன்னிச்சுக்க. ஹெரெய் உண்டு, பசியும் தெரியாது. ஆனா அதைத் தின்கிற முறைய நான் அன்னைக்குச் சொல்லாம விட்டுட்டேன். ஒரு தட்டு நிறையச் சோறு வைக்கணும். அரைத் தட்டு கூடாது. கூட ஏழு வகைப் பச்சை இலை. ஒரே இலைய ஏழு தடவை வைக்கக்கூடாது, ஏழும் வேற வேற, அந்தந்த ஊர் மண்ணுல முளைச்சதா இருக்கணும். கடைசியா ஹெரெய்.”

“எவ்வளவு ஹெரெய்?” என்று சுவடி கேட்டது.

எந்தின் கொக்கோமைப் பார்த்தாள்.

“ஒண்ணு” என்றாள் கொக்கோம் அவசரமாக. “ஒரே ஒரு இலை. ரெண்டாச்சுன்னா முறிஞ்சிடும்.”

“ஒண்ணுதான்” என்றாள் எந்தின். “இதை மீறினா எங்களுக்குப் பமாலி. ஆகாது. வீட்டுக்கு ஆகாது.”

சுவடி யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் வழக்கமாகக் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இந்த முறை இரண்டு மூச்சு நேரம் ஆயிற்று.

“மிக மதிப்புள்ள தகவல்” என்றது சுவடி. “பசி இல்லை என்று சொல்பவர்களின் உடல் எடை ஆண்டுதோறும் குறைந்துவருவது என் பதிவில் விளங்காத புதிராக இருந்தது. செய்முறையில்தான் பிழை என்று இப்போது தெளிவாகிறது. இருபது ஊர்களில் சோதித்துப் பார்க்கிறேன். சாட்சி எந்தின் இரண்டாம் தரத்துக்குத் திரும்ப உயர்த்தப்படுகிறார்.”

பலகை அணைந்தது.

“தெத்தே” என்றான் இசக்கி, “இதுவும் பொய்தானே?”

“முதல்ல சொன்னதுதான் பொய் உஜாங்” என்றாள் எந்தின். “ஒரு தட்டு சோறு, ஏழு இலை லாலாப், அதுக்குமேல ஒரு ஹெரெய். தின்னு பாத்துட்டு அப்புறமும் பசிக்குதுன்னா வந்து சொல்லு.”

சோதனை நாற்பது நாளில் முடிந்தது. இருபது ஊர்களிலும் பசி அடங்கியது. எடை கூடியது. பதினேழு ஊர்களில் பிள்ளைகள் வகுப்பில் தூங்குவது குறைந்ததாகவும் சுவடி குறிப்பிட்டது. அதையும் ஹெரெயின் குணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நெல் தேறி மூன்று வருடமாகக் கிடங்குகளில் அரிசி தேங்கிக் கிடந்ததால் ஒன்பது நாடுகளிலும் பங்கை முழுதாக்குவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. தேவை இல்லை என்பதால் இதுவரை கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஓர் இலை என்று ஆனபிறகு சிபாயெமின் சரிவு முழுக்க ஹெரெய் எதற்கு? பாதியை வெட்டிவிட உத்தரவு வந்தது. ஊரார் முக்கால்வாசியை வெட்டினார்கள். பெண்கள் மலைக்குமேல் காட்டுக்குள் ஏறி, பொஹ்பொஹான் தண்டுகளை ஒடித்துக் கொண்டுவந்து ஓடைக்கரையில் ஊன்றினார்கள். பழைய நூறில் சில செடிகள் கிடைத்தன. ஐம்பது அறுபது வகை என்ன தேடியும் கிடைக்கவில்லை. ஒடாங் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவதாகவும், சம்பலில் காரம் பற்றவில்லை என்று சண்டை போடுவதாகவும் கொக்கோம் தகவல் அனுப்பினாள்.

அம்மாவும் பேசினாள். “ஐயா, இப்பத்தாம் அந்த எலை வேல செய்யுது. நெறைய சோறு, கீரை, கடேசியில ஒத்த எலை. வயிறு கம்முனு கெடக்கு. அப்பமே இப்படிச் சொல்லியிருக்கப்படாதா?” இசக்கி, மறந்துட்டேம்மா என்றான்.

விசாரணைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். விசாரணை அதிகாரி லோகநாயகி பினாங்குத் தமிழச்சி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுபவள். கோப்பு அவள் முன்னால் திறந்து கிடந்தது.

“பெரிய கேஸ் இல்லலா இது” என்றாள். “ஒரே நாள்ல, ஒரே சாட்சி ரெண்டு விதமா பேசியிருக்காங்க. மொதல்ல இலைக்குச் சக்தி இல்ல, விளையாட்டுக்குச் சொன்னேன்னு. அப்புறம் செய்முறை. ரெண்டும் சேந்து நிக்க முடியாது. மொத வாக்குமூலம் நிக்கிதுன்னா, செய்முறை விழுந்துரும்.”

“விழுந்தா?”

“பழைய பங்கீடு. நாலு கட்டு, அரை அரிசி.” அவள் ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். “அதான் இத எழுதி வச்சிருக்கேன். படிச்சுப் பாருங்க.”

இசக்கி படித்தான். சாட்சி எந்தின் எந்தக் காலத்திலும் விளையாட்டாக எதையும் சொன்னதில்லை. சுந்தா மொழி போதாத காரணத்தால் நான்தான் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டு, இல்லாத ஒரு வாக்குமூலத்தைச் சுவடிக்குக் கொடுத்தேன். ஹெரெய் இலையின் குணம் குறித்து எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, முன்பும் இருந்ததில்லை. பொய்யான தகவல் கொடுத்ததற்காக வட்டாரத் தலைவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, மறுபடி கேட்டு எழுதும் வேலைக்கு அனுப்பப்படுவதை ஏற்கிறேன்.

இரண்டாம் முறையும் படித்தான். ஒரு வரிகூட உண்மை இல்லை. சுந்தா மொழி போதாது என்பதைத் தவிர.

“அவசரம் இல்ல” என்றாள் லோகநாயகி. அவன் தயங்குவதைப் பார்த்து அவளுக்கே சங்கடமாகிவிட்டது. “மனசாட்சிக்கு விரோதமா யாரையும் கையெழுத்துப் போடச் சொல்ற வழக்கம் எங்க பிரிவுல இல்ல. உண்மைன்னு பட்டா மட்டும் போடுங்க.”

“மனசாட்சிப்படிதாம்மா போடறேன்” என்று சொல்லி, இசக்கியப்பன் அவளிடமே பேனாவை வாங்கி இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.